பாண்டா டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

வந்த கேள்வி இது: "கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எண்ணெய் வழியும் முகம், மாநிறம். பாண்டா தலை, வாழைப்பழம், முட்டை, பன்றிக்குட்டி என்று விதவிதமான டப்பாக்களில் வரும் கொரிய க்ரீம், உதட்டுக்கு நிறம் தரும் லிப் டின்ட் எல்லாம் வாங்கிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. 'இது முகத்துக்குப் பூசவா, வைத்து விளையாடவா?' என்று கேட்கிறார் அம்மா. கையில் இரண்டாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா? வாங்கினால் எதில் தொடங்குவது?"

தாராளமாக வாங்கலாம். ஆனால் உங்கள் அம்மா கேட்டதைக் கிண்டல் என்று தள்ளிவிடாதீர்கள், நல்ல கேள்வி அது. கொடுக்கிற காசில் பொம்மைக்கு எவ்வளவு, பூசுவதற்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் இரண்டையும் சந்தோஷமாகவே வாங்கலாம். பிரிக்கத் தெரியாமல் நான் தொலைத்த காசு கொஞ்சநஞ்சமில்லை. 2014 முதல் 2018 வரை கொரியாவில், சுவோன் நகரத்தில், வேதியியல் ஆராய்ச்சிக்காக இருந்தேன். என் வேலை பால்மங்களோடு. அதாவது எண்ணெயையும் நீரையும் பிரியாமல் சேர்த்து வைக்கும் வித்தை. முகத்துக்குப் போடும் க்ரீம்களில் பெரும்பாலானவை அதுதான். பகலெல்லாம் க்ரீமின் உள்ளே இருப்பதைப் பற்றிப் படிப்பேன், சாயங்காலம் கடைத்தெருவில் டப்பாவைப் பார்த்து மயங்கி நிற்பேன்.

அந்த மயக்கத்துக்கு அங்கே ஒரு பெயரே உண்டு. நான் முட்டை வடிவ டப்பா ஒன்றை வாங்கி வந்து மேசையில் வைத்ததும், பக்கத்து இருக்கையில் இருந்த கொரியத் தோழி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "யெப்புன் ஸ்ஸுரேகி." அப்படியென்றால் அழகான குப்பை. திட்டு இல்லை, செல்லமாகச் சொல்வது. பயன் இல்லை என்று தெரிந்தும் கண்ணுக்கு அழகாக இருப்பதால் வாங்கிவிடும் பொருளுக்கெல்லாம் அந்தப் பெயர். அவள் மேசையிலும் அதில் நாலைந்து இருந்தன.

சரி, ஏன் கொரியாக்காரர்கள் மட்டும் இப்படி டப்பாவில் விளையாடினார்கள்? 2000-த்தில் தொடங்கிய மிஷா என்ற நிறுவனம், 3,300 வொன் விலைக்கு அழகுப்பொருள்களை விற்று எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. அன்றைய மதிப்பில் மூன்று டாலருக்கும் குறைவு. அது ஓடியதும் மற்றவர்கள் வரிசையாக வந்தார்கள். தி ஃபேஸ் ஷாப், ஸ்கின்ஃபுட், எட்யூட் ஹவுஸ், 2006-ல் டோனிமோலி, அப்புறம் ஹோலிகா ஹோலிகா, டூ கூல் ஃபார் ஸ்கூல். எல்லாம் தெருமுனைக் கடைகள், எல்லாம் மலிவு விலை, எல்லாருக்கும் ஒரே வாடிக்கையாளர்: பள்ளி, கல்லூரிப் பெண்கள். கொரியர்கள் இவற்றை 'ரோடு ஷாப்' என்பார்கள். நான் இருந்த காலத்தில் சியோலின் மியோங்டோங் தெருவில் பத்தடிக்கு ஒன்று இருக்கும். வாசலில் கூடையோடு நிற்கும் பெண் ஒரு ஷீட் மாஸ்க்கை, அதாவது முகத்தில் ஒட்டிக்கொள்ளும் ஈரத் தாளை, உங்கள் கையில் திணிப்பார். வாங்கிய கையோடு உள்ளே போகாமல் இருப்பது ரொம்பக் கஷ்டம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், உள்ளே இருக்கும் க்ரீமை இந்தக் கடைகள் பெரும்பாலும் தாங்களே காய்ச்சவில்லை. கோல்மார் கொரியா, காஸ்மேக்ஸ் போன்ற பெரிய ஒப்பந்தத் தொழிற்சாலைகள் இதற்கென்றே இருக்கின்றன. கோல்மார் 1990-லும் காஸ்மேக்ஸ் 1992-லும் தொடங்கியவை. சூத்திரத்தை உருவாக்குவது முதல் நிரப்பித் தருவது வரை அவர்களே செய்வார்கள், பெயர் மட்டும் வாங்குபவருடையது. எதிரெதிர்க் கடைகளில் விற்கும் இரண்டு க்ரீம்கள் ஒரே தொழிற்சாலையின் பக்கத்துப் பக்கத்துத் தொட்டிகளிலிருந்து வந்திருக்கலாம். உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தால், கடைக்காரர் எதை வைத்துத் தன்னை வேறுபடுத்திக் காட்டுவார்? டப்பாவை வைத்துத்தான். டோனிமோலியில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். அதை நடத்தி வளர்த்த பே ஹே-டோங் அதற்கு முன்பே டேசங் என்ற நிறுவனத்தை வைத்திருந்தார். அதன் தொழிலே அழகுப்பொருள்களுக்கு டப்பா செய்து கொடுப்பது! தக்காளி, பீச், வாழைப்பழம், முட்டை, பாண்டா என்று அந்தக் கடையில் வரிசை கட்டி நின்றதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

நீங்களே சரிபார்க்கலாம். கொரியப் பொருள் எதையாவது எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். பொடி எழுத்தில் இரண்டு நிறுவனப் பெயர்கள் இருக்கும். ஒன்று தயாரித்தவர், இன்னொன்று விற்பனைக்குப் பொறுப்பானவர். அலைபேசியின் கேமராவைக் காட்டினால் மொழிபெயர்த்துவிடும். பாண்டா முகத்துக்குக் கீழே காஸ்மேக்ஸ் என்ற பெயரைப் பார்க்கும்போது உங்களுக்கு நம்பிக்கையும் வரும், கூடவே மாயமும் கொஞ்சம் கலையும். ஆக டப்பா வேடிக்கையாக இருப்பதாலேயே உள்ளே இருப்பது மட்டமானது என்று நினைக்கவும் வேண்டாம், உசத்தி என்று நம்பவும் வேண்டாம்.

டப்பாவைப் பற்றி நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் ஒரு ரம்பத்தில் கிடைத்தது. விலங்குத் தலை வடிவில் ஒரு க்ரீம், நிறுவனத்தின் பெயர் வேண்டாம். வெளியே சாத்துக்குடி அளவு இருக்கும். மூன்றே வாரத்தில் தீர்ந்துவிட்டது. இவ்வளவு பெரிய டப்பா இவ்வளவு சீக்கிரம் எப்படிக் காலியாகும் என்று என் கணவர் அதை இரும்பு ரம்பத்தால் குறுக்கே அறுத்தார். உள்ளே தனியாக ஒரு சின்னக் கிண்ணம், அகல் விளக்கைவிடக் கொஞ்சம்தான் ஆழம். கிண்ணத்துக்கும் வெளி ஓட்டுக்கும் நடுவே வெறும் காற்று. காதுகளுக்குள் காற்று, கன்னத்துக்குள் காற்று. நாங்கள் காசு கொடுத்து வாங்கியதில் முக்கால்வாசி அதுதான். ஆனால் டப்பாவின் அடியில் '30 கிராம்' என்று தெளிவாகவே போட்டிருந்தார்கள். படிக்காதது என் தப்பு.

அதனால் வடிவத்தைப் பார்த்து அளவைக் கணிக்காதீர்கள். காய்கறிக் கடையில் கிலோ என்ன விலை என்று கேட்பதுபோல, விலையைக் கிராமால் வகுத்துப் பாருங்கள். டோனிமோலியின் பாண்டா கண் குச்சி, கண்ணுக்குக் கீழே தடவுவது, 9 கிராம். பீச் பழ ஹேண்ட் க்ரீம் 30 கிராம். வாழைப்பழ ஹேண்ட் மில்க் 45 மில்லி. தக்காளி மாஸ்க் மட்டும் 80 கிராம், அந்த வரிசையில் கொஞ்சம் தாராளம் அதுதான். சாதாரண ட்யூபில் வரும் க்ரீமின் கிராம் விலையைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், வித்தியாசம்தான் பொம்மையின் விலை. அந்த விலை உங்களுக்குச் சம்மதம் என்றால் வாங்குங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை. தீபாவளிக்கு மத்தாப்பு வாங்குகிறோம், எதற்குப் பயன் என்று யாரும் கேட்பதில்லை.

இனி எதற்கெல்லாம் அழகைப் பார்த்து வாங்கலாம், எதற்குக் கூடாது என்பதற்கு வருகிறேன். எனக்கு ஒரு கணக்கு உண்டு. தோலில் ஒரு வேலை செய்ய வேண்டிய பொருளா, அல்லது அந்த நேரத்துச் சந்தோஷத்துக்கா? ஹேண்ட் க்ரீம், லிப் பாம், டின்ட், ஷீட் மாஸ்க், நுரை மாஸ்க், நகப்பூச்சு எல்லாம் இரண்டாவது ரகம். சொதப்பினாலும் பெரிய நஷ்டம் கிடையாது. சன்ஸ்க்ரீன், பருவுக்கான மருந்து, வைட்டமின் சி சீரம் முதல் ரகம். அதில் பாண்டா சிரித்தால் என்ன, முறைத்தால் என்ன?

வைட்டமின் சி-யைச் சும்மா சொல்லவில்லை. சீரங்களில் அதிகம் வரும் அதன் அசல் வடிவம் காற்றும் வெளிச்சமும் பட்டால் கெட்டுப் பழுப்பாகும். அதற்கு வேண்டியது நிறம் பூசிய, காற்றுப் புகாத பம்ப் குப்பி. மூடியைக் கழற்றி விரலை விட்டு எடுக்கும் அகன்ற வாய் டப்பா அதற்கு எமன். வேடிக்கை டப்பாக்களில் பெரும்பாலானவை அப்படி அகன்ற வாய் உள்ளவைதான், ஏனென்றால் முட்டையையும் ஆப்பிளையும் இரண்டாகத் திறப்பதில்தானே நமக்குள் இருக்கும் குழந்தைக்கு மகிழ்ச்சி! அப்படிப்பட்ட டப்பாவில் வரும் க்ரீமை வாங்கினால் விரலை விடாதீர்கள், ஒரு சின்னக் கரண்டி வைத்துக்கொள்ளுங்கள். குளியலறை ஈரத்தில் திறந்து வைப்பதும் வேண்டாம்.

நீங்கள் கேட்ட பாண்டா தலைக்கு, அதாவது அந்தக் கண் குச்சிக்கு, வருவோம். கறுப்புக் காதுகளோடு சின்னத் தலை, மூடியைத் திறந்து அடியைத் திருகினால் வெள்ளைக் குச்சி மேலே வரும். கண்ணுக்குக் கீழே இழுத்தால் ஜில்லென்று இருக்கும். பரீட்சை நாள் காலையில் அந்தக் குளிர்ச்சி ஒரு சுகம். அவ்வளவுதான். கருவளையம் அதனால் போகாது. நம்மில் பலருக்கு அது பரம்பரையாக வருகிற நிறமி, குச்சியால் இழுத்து அழிக்க முடியாது.

எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டு எலிசவெக்கா என்ற நிறுவனத்தின் பன்றிக்குட்டி மாஸ்க். டப்பா மேல் கார்ட்டூன் பன்றி, உள்ளே சாம்பல் நிறத்தில் களிமண் மாதிரி ஒன்று. முகத்தில் மெல்லியதாகப் பூசிய சில நொடிகளில் ஓரங்களில் குமிழி விட ஆரம்பிக்கும். முதலில் மூக்கின் பக்கத்தில் எறும்பு ஊர்வது மாதிரி ஒரு கூச்சம். இரண்டு நிமிடத்தில் கன்னம் உப்பும். ஐந்தாவது நிமிடத்தில் கண்ணாடியில் பார்த்தால் செம்மறியாட்டுக்குட்டி ஒன்று உங்களைப் பார்க்கும். சிரிக்கவும் முடியாது, சிரித்தால் நுரை வாய்க்குள் போகும். இந்த வகை நுரை மாஸ்க்குகளில் எளிதில் ஆவியாகும் திரவம் ஒன்று சோப்புப் பொருளோடு கலந்திருக்கும். தோலின் சூட்டில் அது வாயுவாக மாறி, தானே நுரைத்துக்கொள்கிறது. தோலின் நுண்துளைகளுக்குள் போய் அழுக்கைத் தோண்டுகிறது என்பதெல்லாம் மிகை. நல்ல ஃபேஸ் வாஷ் செய்கிற வேலையைத்தான் செய்கிறது, ஆனால் வேடிக்கையாகச் செய்கிறது. உங்களுக்கு எண்ணெய் முகம் என்பதால் வாரம் ஒருமுறை போடலாம். கண்ணை விட்டுத் தள்ளிப் பூசுங்கள். தினமும் போட்டால் தோல் வறண்டு இழுக்கும்.

ஷீட் மாஸ்க்கில் விலங்கு முகம் அச்சிட்ட வகை இருக்கிறது. எஸ்என்பி என்ற நிறுவனம் புலி, பாண்டா, நீர்நாய், டிராகன் என்று விட்டது. தோழிகளோடு விடுதி அறையில் ஒரு ராத்திரிக்கு இதைவிட மலிவான கொண்டாட்டம் இல்லை. 15 அல்லது 20 நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். தாள் காயும்வரை விட்டால் கொடுத்த ஈரத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளும். மறுநாள் முகம் பளிச்சென்று இருக்கும், அதற்கு அடுத்த நாள் பழையபடி ஆகிவிடும். தினம் ஒரு மாஸ்க் என்று கொரியாவிலேயே ஒரு வழக்கம் இருந்தது, எண்ணெய் முகத்துக்கு அது தேவையே இல்லை.

முட்டையும் பன்றி மூக்கும் பெரும்பாலும் மூக்கின் மேல்தோலில் இருக்கும் நுண்துளைகளைக் குறிவைத்தே வரும். உரித்த முட்டை போலத் தோல் என்பது கொரியாவில் அழகுக்கு உவமை, அதனால் துளைக்கான பொருள்களுக்கு முட்டை டப்பா. ஹோலிகா ஹோலிகாவின் பன்றி மூக்குப் பட்டை மூன்று படிகளில் வரும்: ஒன்று இளக்க, ஒன்று உரித்தெடுக்க, ஒன்று தணிக்க. உரித்தெடுத்த பட்டையைத் திருப்பிப் பார்க்கும் அந்த ஒரு கணத்துக்காகவே நான் பல பெட்டிகள் வாங்கியிருக்கிறேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஆனால் மூக்கில் நீங்கள் பார்க்கும் அந்தப் புள்ளிகளில் பெரும்பாலானவை கரும்புள்ளியே இல்லை. எண்ணெய்ச் சுரப்பியின் வாயில் இயல்பாக நிற்கும் இழைகள் அவை, எடுத்தால் சில வாரத்தில் மறுபடி நிரம்பும். வாரா வாரம் பட்டை ஒட்டி இழுத்தால் தோல் சிவப்பதுதான் மிச்சம். எண்ணெய் முகத்துக்கு உண்மையில் உதவுவது சாலிசிலிக் அமிலம் கலந்த ஃபேஸ் வாஷோ திரவமோ, அது எந்த அசட்டு ட்யூபில் வந்தாலும் சரி.

ஹோலிகா ஹோலிகாவின் கற்றாழை ஜெல்லையும் பார்த்திருப்பீர்கள். கற்றாழை மடலை நிமிர்த்தி வைத்தது போன்ற பச்சைக் குப்பி, 99% என்று பெரிதாக எழுதியிருக்கும். கற்றாழைச் சாறே பெரும்பகுதி தண்ணீர்தான், ஆகவே அந்த எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். வெயிலில் அலைந்து வந்த முகத்துக்கு இதமாக இருக்கும், எண்ணெய்ப் பசையும் சேராது. நம் வீட்டு வாசலில் திருஷ்டிக்குத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடும் அதே செடிக்கு இவ்வளவு மரியாதையா என்று என் மாமியார் அந்தக் குப்பியைப் பார்த்து வியந்தார்.

இப்போது நிறத்துக்கு வருவோம், இங்கேதான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பவுண்டேஷனைப் பஞ்சில் ஊற வைத்து டப்பியில் அடைத்துத் தருவதற்குக் குஷன் என்று பெயர். அமோரேபசிபிக் நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த யோசனை அது. பொம்மை முகம் போட்ட குஷன்கள் எவ்வளவோ உண்டு. குதேதாமா என்ற சோம்பேறி முட்டை மஞ்சள் கருவை வைத்து ஹோலிகா ஹோலிகா ஒரு வரிசையே விட்டது. ஆனால் திறந்து பார்த்தால் நிறம் 13, 21, 23 என்று மூன்றே எண்கள். கொரியாவில் 23 என்றால் கொஞ்சம் கறுப்பானவர்களுக்கு. நம் மாநிறத்தில் அதைப் பூசினால் சாம்பல் பூசிய மாதிரி இருக்கும். நான் பூசிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போன அன்று, "உடம்புக்கு முடியவில்லையா?" என்று இரண்டு பேர் விசாரித்தார்கள். நிலைமை இப்போது மெல்ல மாறுகிறது. டிர்டிர் என்ற நிறுவனத்தின் சிவப்பு முட்டை போன்ற குஷன் 2024-ல் 30 நிறங்களுக்கு விரிந்தது, பிறகு இன்னும் கூட்டினார்கள். குஷன் வேண்டுமென்றால் அதுபோல நிற வரிசை நீளமானதை மட்டும் பாருங்கள், பொம்மைக் குஷனை விட்டுவிடுங்கள்.

லிப் டின்ட்டில் அந்தச் சிக்கல் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. தண்ணீர் மாதிரி இருக்கும் இளஞ்சிவப்பு, ஆரஞ்சு டின்ட்கள் நம் உதட்டின் இயல்பு நிறத்துக்கு மேல் தெரியவே தெரியாது. விளம்பரப் படத்தில் இருப்பவரின் உதடு வேறு, நம் உதடு வேறு. நாவல்பழ நிறம், செங்கல் நிறம், அடர் சிவப்பு என்று போங்கள். பெரிபெரா, ரோம்அண்ட் என்ற இரண்டு நிறுவனங்களிலும் அந்த நிறங்கள் கிடைக்கும். இன்னும் குட்டியாக வேண்டுமென்றால், உதட்டுக்கும் கன்னத்துக்கும் சேர்த்து ஃப்வீ என்ற நிறுவனம் விற்கும் புட்டிங் கிண்ணங்கள் இருக்கின்றன. சாவிக்கொத்தில் மாட்டிப் பையில் தொங்கவிடலாம். கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

'ஒயிட்', 'ஒயிட்டனிங்' என்று எழுதிய க்ரீம்கள் பாண்டா டப்பாவிலும் வருகின்றன. கொரியாவில் அந்தச் சொல்லுக்கு ஒரு சட்ட விளக்கம் உண்டு. அரசு ஏற்ற பொருள்களில் ஒன்று குறிப்பிட்ட அளவில் இருந்தால் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். பெரும்பாலும் அது 2 முதல் 5% நியாசினமைடு. நியாசினமைடு நல்ல பொருள், பருத் தழும்பின் கருமை கொஞ்சம் மங்கும். ஆனால் நீங்கள் வெள்ளையாக மாற மாட்டீர்கள், மாறவும் வேண்டாம்.

வாசனை ஒரு தனிப் பிரச்சினை. வாழைப்பழ டப்பா என்றால் உள்ளேயும் வாழைப்பழம் மணக்க வேண்டும், அதற்காகத் தாராளமாக வாசனைப் பொருள் சேர்ப்பார்கள். கைக்குப் பரவாயில்லை. முகத்தில் சிலருக்கு அரிக்கும், பொரி பொரியாகக் கிளம்பும். எதை வாங்கினாலும் முதலில் காதுக்குப் பின்னாலோ முழங்கை உள்பக்கமோ கொஞ்சம் தடவி இரண்டு மூன்று நாள் பாருங்கள். ஒரே நாளில் நான்கு புதிய பொருளைத் தொடங்கினால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கவே முடியாது. வாரத்துக்கு ஒன்று போதும்.

வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் இன்னொரு விஷயம். என் தங்கை மகன் மூன்று வயதில் ஒரு பழ வடிவ லிப் பாமை நிஜப் பழம் என்று நினைத்துக் கடித்துவிட்டான். நல்லவேளை, பல் பட்டது மூடியில்தான். அந்த மூடியில் இரண்டு பல்தடம் இன்றும் இருக்கிறது. இது அவனுக்கு மட்டும் நேர்ந்த குழப்பம் இல்லை. உணவு போல் தோன்றும் பிற பொருள்களுக்கு எதிராக ஐரோப்பாவில் 1987-லேயே விதி வந்துவிட்டது. கொரியாவில் பால் டப்பா போன்ற பாட்டிலில் குளியல் சோப்பு, பசைக் குச்சி போன்ற மிட்டாய் என்று வேடிக்கைப் பொருள்கள் பெருகிப்போக, 2021-ல் அழகுப்பொருள் சட்டத்தையே திருத்தினார்கள். வடிவம், வாசனை, நிறம், அளவு, டப்பா ஆகியவற்றில் உணவைப் பார்த்துச் செய்து, தெரியாமல் யாராவது தின்றுவிடும் அளவுக்கு இருக்கும் அழகுப்பொருளை விற்கக் கூடாது என்கிறது அது. பழங்களின் பொற்காலத்தில் அங்கே இருந்துவிட்டு வந்தேன் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அந்தத் தெருமுனைக் கடைகளின் காலமும் ஏறக்குறைய முடிந்துவிட்டது. 2017-ல் அரசியல் தகராறால் சீனச் சுற்றுலாக் குழுக்கள் வருவது நின்றது. 2018-ல் ஸ்கின்ஃபுட் கடன் தாங்காமல் நீதிமன்றப் பாதுகாப்புக்குப் போனது. இப்போது எல்லோரும் ஆலிவ் யங் போன்ற பெரிய கடையில் எல்லா நிறுவனப் பொருளையும் ஒரே இடத்தில் வாங்குகிறார்கள். அல்லது 5,000 வொன்னுக்கு மேல் எதுவும் விற்காத டைசோவுக்குப் போகிறார்கள். முகத்துக்கான பொருள்கள் மருந்துக்கடைப் பாட்டில் மாதிரி வெள்ளையும் சாம்பலுமாக மாறிவிட்டன. குறும்பு முகத்தை விட்டு உதட்டுக்கும் சாவிக்கொத்துக்கும் இடம் பெயர்ந்துவிட்டது, எனக்குக் கேட்டால் அது சரியான இடம்தான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது: இந்தியாவுக்கு முறையாக வந்த பொருளில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, பதிவுச் சான்றிதழ் எண், அதிகபட்ச விலை எல்லாம் ஒட்டியிருக்க வேண்டும். அரசு விதிகள் கேட்பது இது. ஸ்டிக்கரே இல்லாமல் பாதி விலைக்குக் கிடைக்கும் பாண்டாவை நம்பாதீர்கள். கொரியத் தேதி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இருக்கும். பக்கத்தில் வரும் சொல் 'ஜெஜோ' என்றால் தயாரித்த நாள், 'க்காஜி' என்றால் அந்த நாள் வரை பயன்படுத்தலாம். தயாரித்த நாளைக் காலாவதி நாள் என்று எண்ணி நல்ல க்ரீமைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. இதையும் கேமரா மொழிபெயர்ப்பு காட்டிக்கொடுக்கும். திறந்த டப்பா படத்துக்குள் 12 என்று இருந்தால், திறந்த பிறகு 12 மாதம். அப்புறம், மே மாதத்தில் லிப் பாம், குச்சி வகைகளைத் தபாலில் வரவழைக்காதீர்கள். உருகி, வழிந்து, பாண்டாவின் கழுத்து வரை வந்து நிற்கும்.

இரண்டாயிரம் ரூபாயை எப்படிச் செலவழிப்பது? நானாக இருந்தால் முதலில் ஆயிரத்து இருநூறை ஒதுக்கி, எண்ணெய் முகத்துக்கான மென்மையான ஃபேஸ் வாஷ் ஒன்றும், எஸ்பிஎஃப் 50 போட்ட ஜெல் வகை சன்ஸ்க்ரீன் ஒன்றும் வாங்குவேன். இரண்டும் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் சரி, டப்பா எவ்வளவு அசடாக இருந்தாலும் சரி. மிச்சத்தில் மனசு சொல்வதைக் கேளுங்கள்: அடர் நிறத்தில் ஒரு டின்ட், இரண்டு விலங்கு ஷீட் மாஸ்க், காசு மிஞ்சினால் பீச் பழ ஹேண்ட் க்ரீம். தினமும் முகத்துக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பத்துப் பொருள் போடும் 'பத்துப் படி வழக்கம்' என்று யாராவது சொன்னால் கண்டுகொள்ளாதீர்கள், என் ஆய்வகத் தோழிகளில் ஒருத்திகூடப் பத்தையும் செய்ததில்லை.

ஹேண்ட் க்ரீம் வந்ததும் முதலில் அம்மாவிடம் நீட்டுங்கள். என் அம்மாவும் இதே கேள்வியைத்தான் கேட்டார். பாத்திரம் தேய்த்த கையில் நான்தான் கொஞ்சம் தடவிவிட்டேன். போன வாரம் கும்பகோணத்திலிருந்து போன் வந்தது. நலம் விசாரிப்பெல்லாம் முடிந்த பிறகு, வேறு யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அந்தப் பழம் தீர்ந்துபோச்சுடி, இன்னொண்ணு கிடைக்குமா?"